எதுவும் போடக் கூடாத நாலாவது பாத்தி

அன்புள்ள மாப்பிள்ளை முத்துவீரன் அவர்களுக்கு,

சேத்தூரிலிருந்து மாமா பால்பாண்டி எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பொன்மணி டீச்சரிடம் படிக்கத் தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. வரி தானாகவே மேலே ஏறுகிறது. தாளைச் சாய்த்துப் பிடித்தால் நேராகிவிடும். எழுபது வயதில் நான் எழுதும் முதல் கடிதம் உங்களுக்குத்தான். இங்கே எல்லோரும் நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்களும் என் மகளும் நலமாக இருக்க ஆண்டாள் துணை.

உங்கள் மகள் அனுசியாவை விவசாய மேற்படிப்புக்கு அனுப்புவதா, ராஜபாளையம் மில் ஆபீசில் சேர்ப்பதா என்று கேட்டு, பிள்ளை இங்கே என்ன செய்கிறாள் என்று பார்த்து எழுதச் சொன்னீர்கள். பார்த்தேன். எல்லாமே சந்தேகமாக இருக்கிறது. காலேஜ் ஆராய்ச்சி என்று என் தோட்டத்தில் நாலு பாத்தி மக்காச்சோளம் போட்டாள், விதையில் கரிப்பொடி மாதிரி ஒன்றைப் பிசைந்தாள், கேட்டால் "இதுக்குள்ள உயிர் இருக்கு தாத்தா, பயிருக்குச் சத்து குடுக்கும்" என்கிறாள், பொட்டலத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பொடியும் மூன்று பாத்திக்குத்தான். நாலாவதில் ‘எதுவும் போடக் கூடாது’ என்று பலகை. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்! படித்த சந்தோஷம் அடங்கிய பிறகுதான் அர்த்தம் உறைத்தது. "ஏட்டி, அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன். "அது சும்மா கெடந்தாத்தான் மத்ததோட மதிப்பு தெரியும். கை வச்சிராதீய" என்றாள். முப்பதாம் நாள் அளந்தால், அந்த நாலாவதுதான் ஒரு சாண் கூடுதல், கரும்பச்சை! ஒன்றும் போடாததே இப்படி வளருமென்றால் படிப்பு எதற்கு? மில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.

மகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பால்பாண்டி
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுத நாலு நாள் ஆயிற்று. முடித்த மறுநாள் காலை பிள்ளை பம்புசெட் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். "நான் இந்தப் படிப்புக்கு லாயக்கில்ல தாத்தா, மில்லுக்கே போறேன்" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. அவள் காலேஜ் போன நாளெல்லாம் நாலாவது பாத்திக்கு யூரியா போட்டது நான்தான், மாப்பிள்ளை. வெளுத்த பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. சொன்னதும் கண்ணைத் துடைத்தாள். "அம்புட்டும் உங்க வேலையா! எத்தன தடவ? எம்புட்டு?" என்று கேட்டு, ஆராய்ச்சி நோட்டில் என் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டாள். மில் வேண்டாம், மேற்படிப்புக்கே அனுப்புங்கள். இந்த வாரம் மறுபடி விதைத்திருக்கிறாள். நாலாவது பாத்தியைச் சுற்றி மட்டும் முள்வேலி. மாடு வந்துவிடுமாம். மாட்டை விற்று மூன்று வருடம் ஆகிறது. எனக்கென்னவோ சந்தேகமாக இருக்கிறது. விசாரித்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.