கூரை பிரித்த டெல்டா

டெல்டாவோடு ஒரே வீட்டில் இரண்டு வருஷம் குடியிருந்தவனை இந்த உலகத்தில் வேறு எதுவும் அதிர வைக்க முடியாது. பக்கத்தில் இடி விழுந்தால் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான். அதிர்ச்சி என்று எனக்கு ஒதுக்கிய பங்கு முழுவதையும் அந்த மனிதர் ஒருவரே செலவழித்துவிட்டார்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த புதிது. சேந்தமங்கலத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் நான் குமாஸ்தா, அவர் சர்வேயர். அம்மாபேட்டைக்காரர். வீட்டில் அத்தனை பேரும் தறியில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நிலம் அளக்கக் கிளம்பிவிட்டார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி ஆபீசிலும் ஊரிலும் அவர் டெல்டாதான்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சமையலுக்கு ஆள் வைத்திருந்தோம். நான் போய்ச் சேர்ந்த முதல் நாள். என் பக்கத்து இலைக்காரர் சோற்றை மலைபோல் குவித்தார். உச்சியில் குழித்தார். ரசத்தை ஊற்றினார். பிறகு சாப்பிடாமல் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரசம் சரிவை அரித்துக்கொண்டு இறங்கியது. இலையின் சமதரைக்கு வந்ததும் வேகம் செத்து, அடித்து வந்த பருக்கைகளை அங்கேயே போட்டது. போட்ட பருக்கையே வழியை அடைக்க, ரசம் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு கிளை என் இலைக்குள் நுழைந்தது.

நான் திகைத்துப்போய்க் கையை எடுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார். ஆறும் இதேதான் பண்ணுது" என்றார் அவர். "ஓடுற வரைக்கும் மண்ணைச் சுமக்கும். நின்ன தண்ணியைப் பார்த்ததும் சுமையை இறக்கிடும். முதல்ல கல்லு, அப்புறம் மணல், கடைசியில வண்டல். இறக்கி இறக்கித் தன் வாயைத் தானே அடைச்சுக்கும். அப்புறம் வழி தேடிப் பிரியும். பிரிஞ்சது மறுபடி பிரியும். அப்படி உண்டாகிற பூமிதான் டெல்டா."

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"இது வில் டெல்டா" என்று தன் இலையைக் காட்டினார். "முகப்பு வளைஞ்சு இருக்கு பாருங்க." பிறகு என் இலையில் நீளமாக விரல் விரலாக ஓடியிருந்ததைக் காட்டி, "இது பறவைக்கால்" என்றார்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. கூர்முனை. ஆறு மண்ணைக் கொண்டுவந்து தள்ளத் தள்ள, கடல் அலை இரண்டு பக்கமும் அடித்து ஒதுக்கிவிட, நடுவில் பல்லுப்போல் ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் ஹெட் கிளார்க் அந்த வகை என்பது டெல்டாவின் தீர்மானம். "ஆபீஸ்ல தாசில்தார், ஊட்ல சம்சாரம். ரெண்டு பக்கமும் அலை. மனுஷன் கூர்முனையா நிக்காம என்ன பண்ணுவார்?" இதை ஹெட் கிளார்க்கிடமே, மரியாதையாக, நின்றுகொண்டு சொன்னார். ஹெட் கிளார்க் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதில் உண்மை இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஊருக்குக் கிழக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஏரி. மலையிலிருந்து ஓர் ஓடை வந்து அதில் விழும். விழுகிற இடத்தில் பல வருஷத்து வண்டல் சேர்ந்து, விசிறிபோல் ஒரு நிலம் ஏரிக்குள் நீண்டிருந்தது. நல்ல மண். குச்சியை ஊன்றினால் துளிர்க்கும். எட்டுக் குடும்பங்கள் அதில் குடிசை போட்டுச் சோளமும் கத்தரியும் வைத்திருந்தார்கள். அந்த நிலத்தை அளந்து எல்லை போட வேண்டியது டெல்டாவின் வேலை. அது மட்டும் முடிந்தபாடில்லை.

மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்தபோது கேட்டேவிட்டார். "மூன்று வருஷமாக ஒரு நிலத்தை அளக்கிறீரா?"

"அது நிக்க மாட்டேங்குதுங்க சார்" என்றார் டெல்டா.

"என்ன நிற்க மாட்டேன் என்கிறது?"

"நிலம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு பக்கம் வளருது, ஒரு பக்கம் கரையுது. எல்லை போட்டா அடுத்த ஐப்பசியில் தண்ணிக்குள்ள இருக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். வாசலில் கட்டட வேலைக்காகக் கொட்டியிருந்த மணலை அவர் பார்த்துவிட்டார். குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கிவந்து மணலின் உச்சியில் சாய்த்தார். நாங்கள் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வில் டெல்டா ஒன்று அழகாக விரிந்து வந்து, அதிகாரியின் பூட்ஸை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போயிற்று. அதிகாரி ஈரக் காலோடு அதை வெகு நேரம் பார்த்தார். ஒன்றும் எழுதாமல் போய்விட்டார். எனக்கு அன்று காய்ச்சலே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் டெல்டா சொந்த விருப்பத்தில் அந்த ஏரிக்குப் போவார். மூங்கில் முளைக்குச்சிகளை அடித்து, மண் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று நோட்டில் எழுதுவார். கயிற்றின் மறு முனையைப் பிடிக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டாம் வருஷம் புரட்டாசியில் ஒருநாள், ஓடைக்குள் இறங்கி நின்றவர் அசையாமல் நின்றார்.

"சார், நான் இப்ப எங்க நிக்கறேன்?"

"ஓடையில்."

"குடிசைங்க எங்க இருக்கு?"

பார்த்தேன். ஓடையின் தரையில் நின்ற அவருடைய கால், கரைக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைகளின் வாசலைவிட உயரத்தில் இருந்தது. மண்ணை இறக்கி இறக்கி ஓடை தன் படுக்கையையே மேடாக்கி, குடிசைகளைவிட உயரத்தில் ஏறிப் படுத்திருந்தது. இடையில் ஒரு மண் வரப்பு மட்டுமே காவல்.

"இது ரொம்ப நாள் இங்க படுக்காது. அடுத்த பெரிய தண்ணிக்கு இடது பக்கம் தாண்டிடும்" என்றார்.

முதல் குடிசை நல்லம்மாளுடையது. ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. எட்டுக் குடும்பத்துக்கும் அந்த அம்மாள் வார்த்தைதான் சட்டம். டெல்டா விஷயத்தைச் சொன்னார். அவள் கத்தரிக்காய் பறித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஓடை எந்தப் பக்கம் போவோணும்னு உங்களைக் கேட்டுப்போட்டுத்தான் போவுதுங்களா?"

"என்னைக் கேக்காதும்மா. பள்ளத்தைக் கேக்கும்."

"பதினஞ்சு வருசமா நான் இங்க இருக்கறனுங்க. ஒரு பொட்டுத் தண்ணி எங்க வாசலுக்கு வந்ததில்லீங்க. நீங்க வெய்யில்ல அலையாதீங்க சாமி, போயி மோர் குடிங்க."

அவர் நான்கு ஞாயிறு போய்ச் சொன்னார். நான்கு ஞாயிறும் மோர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் காலையில் மலை உச்சியே தெரியவில்லை. கறுப்பு மேகம் அப்படியே மேலே உட்கார்ந்துவிட்டது. கீழே எங்களுக்கு நல்ல வெயில். டெல்டா ஆபீசுக்கு வரவில்லை. ஹெட் கிளார்க் என்னை அனுப்பினார். எங்கே இருப்பார் என்று தெரியும், நேரே ஏரிக்குப் போனேன்.

அங்கே, டெல்டா நல்லம்மாள் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். கட்டுக் கயிற்றை அறுத்து, பனையோலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே எறிந்துகொண்டிருந்தார். பாதிக் கூரை போயிருந்தது. கீழே எட்டுக் குடும்பமும் கூடி நின்றது. நான் போவதற்கு முன்பே யாரோ கழியால் ஒரு போடு போட்டிருக்க வேண்டும், காதோரம் ரத்தம் வழிந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"ஊட்டைப் பிரிக்கறேன் சார்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சர்க்கார் உத்தரவு. எல்லா ஊட்டையும் மத்தியானத்துக்குள்ள காலி பண்ணணும். நம்பலைன்னா குமாஸ்தா சார் படிச்சுக் காட்டுவார்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் எறிந்தார்.

பிரித்தேன். அதில் எழுத்தே இல்லை. பென்சிலில் மூன்று படம். ஒரு வில், ஒரு பறவைக்கால், ஒரு கூர்முனை.

நல்லம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படிங்க சாமி, கேப்போம்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். பறவைக்காலைப் பார்த்துக்கொண்டே, "ஏரி உள்வாய்ப் புறம்போக்கில் குடியிருப்போருக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்" என்று ஆரம்பித்தேன். வேலை போகும், ஜெயில் கிடைக்கும் என்று ஒரு பக்கம் மனசு ஓட, வாய் மட்டும் தாசில்தார் பாஷையில் தானாகப் பேசிக்கொண்டே போயிற்று. "தவறினால் ஆடு மாடுகள் ஜப்தி செய்யப்படும்" என்று கூர்முனையிலிருந்து படித்து முடித்தேன்.

ஆடு மாடு என்றதும் கூட்டம் கலைந்தது. நல்லம்மாள் சொன்னாள். "சாமானை எல்லாம் ஏரிக்கரை மேட்டுல போடுங்க. அது முடிஞ்சதும் ஆபீசுக்குப் போயி இந்த ரெண்டு பேர் மேலயும் பிராது குடுத்துப்போட்டு வாரேன்." மேட்டுக்குப் போகிற வழியெல்லாம் டெல்டாவின் பரம்பரையைத் திட்டிக்கொண்டே போனாள். எனக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்தது.

கடைசி ஆட்டுக்குட்டியைக் கரைமேல் ஏற்றியபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. வானத்திலிருந்து ஒரு துளி விழவில்லை. ஜனங்கள் எங்களைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். அப்போதுதான் வண்டிகள் பல சேர்ந்து வருவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

மலையில் பெய்ததெல்லாம் ஒரே சுவராக, செம்மண் நிறத்தில், மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு ஓடையில் வந்தது. வளைவில் ஒரு கணம் நின்றது போலிருந்தது. பிறகு மண் வரப்பு இருந்த இடத்தில் வரப்பு இல்லை. தண்ணீர் இடது பக்கம் தாண்டி, குடிசைகள் வழியாக நேரே ஏரிக்குள் இறங்கிற்று. பழைய ஓடை கண் முன்னாலேயே வற்றிப் போனது. நல்லம்மாள் வீட்டில் மிச்சம் நின்றது ஆட்டுக்கல் மட்டும். அதுவும் சாய்ந்திருந்தது.

நல்லம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி டெல்டாவைப் பார்த்தேன். காதோரத்து ரத்தத்தை அப்போதுதான் துடைத்தார்.

"நான் சொன்னது நடக்கும்னு நான் நினைக்கலை சார்" என்றார்.

"நிச்சயம் இல்லாமலா வீட்டைப் பிரிச்சீங்க?"

"தப்பா இருந்தா ஒரு கூரை போகும், அந்தம்மா திட்டுவாங்க. சரியா இருந்து நான் சும்மா இருந்திருந்தா" என்றவர் கரைமேல் நின்ற குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தார்.

சர்க்கார் பெயரில் பொய் உத்தரவு போட்டதற்கு விசாரணை வந்தது. பூட்ஸ் நனைந்த அதே அதிகாரி. தாளை வாங்கிப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார்.

"இதையா படித்தீர்?"

"ஆமாங்க சார்."

"எங்கே, எனக்கும் ஒருமுறை படித்துக் காட்டும்."

படித்துக் காட்டினேன். ஜப்தி வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். டெல்டாவுக்குத் தண்டனையாக மாற்றல் உத்தரவு போட்டார், காவேரி கடலில் விழுகிற கோடிக்கு. அது தண்டனை என்று அந்த ஆபீசில் எழுதி வைத்திருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை.

போவதற்கு முன் மூன்று ஞாயிறு, ஏரிக்கரை மேட்டில் நல்லம்மாளின் புது வீட்டுக்கு டெல்டாவே கூரை மேய்ந்தார். "பிரிச்சவருதான மேயோணும்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள். முதல் மழைக்கே கூரை ஒழுகியது. அவர் மாற்றலில் போன பிறகு, அவருக்குத் தெரியாமல், ஆளைவிட்டு மறுபடி மேய்ந்துகொண்டாள்.

கடற்கரையிலிருந்து முதல் கடிதம் வந்தது. "இத்தனை பெரிய காவேரி கடைசியில் ஒரு வாய்க்கால் அகலத்தில்தான் கடலைத் தொடுகிறது. பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் வழியிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. நிற்க. நம் ஏரியில் ஓடை விழும் புது வாயில் எத்தனை விரல் மண் ஏறியிருக்கிறது?"

எனக்கு நடப்பது பிடிக்காது, வெயில் ஆகாது. ஆனாலும் அடுத்த ஞாயிறு போய் அளந்து எழுதினேன். அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். வருஷங்கள் கழித்து அவரிடமிருந்து பதில் வருவது நின்றது. நின்ற பிறகும் ரொம்ப நாள் போய் அளந்துகொண்டிருந்தேன். யாருக்காக என்று நல்லம்மாள் ஒருமுறையும் கேட்கவில்லை. கயிற்றின் மறு முனையை வாங்கிப் பிடித்துக்கொள்வாள்.