மூண்டு சமயம் கேட்ட லீவு

மொன்றியல் நகரத்தில் தமிழர் வீட்டில் சாவு விழுந்தால் ஐயர் வருகிறாரோ இல்லையோ, 'மூண்டு சமயம்' கட்டாயம் வருவார். இறந்தவர் யாரென்றே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆறுதல் சொல்ல அது ஒரு தடையா?

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு திரைச்சீலைத் தொழிற்சாலையில் அவரும் நானும் தைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பக்கத்து மெஷினில் ஒரு சீனப் பெரியவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டைப் பிரெஞ்சு மட்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் கன்பூசியஸும் புத்தரும் தாவோ மார்க்கமும் எங்கள் ஆளுக்குள் புகுந்தன. மூன்று சமயமும் சேர்ந்ததால் அவர் 'மூண்டு சமயம்' ஆனார்; அதற்குப் பிறகு அவரை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆளைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், புருசனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்குத் தாவோவைக் கொடுத்தார்.

"சாவெண்டது ஒரு மாற்றம்தான் தங்கச்சி. ஸ்னோ உருகித் தண்ணியாகுது, அதுக்கு ஆரும் அழுறமோ?"

அவளுடைய தமையன் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனார். "அண்ணை, நீங்கள் கொஞ்சநேரம் வெளியில நிண்டு உருகுங்கோ."

அது ஜனவரி மாதம். ஐந்து நிமிடத்தில் கதவு மெல்லத் திறந்தது. "அப்ப புத்தரைச் சொல்லட்டோ?"

"செத்தாப்பிறகு எங்க அண்ணை போவம்?" என்று நானும் ஒருநாள் வேலைக்கிடையில் கேட்டேன்.

"உயிரோட இருக்கிற சனத்துக்குச் செய்யவேண்டியதே இன்னும் கிடக்கு, அதை முதல் பார் எண்டுதான் கன்பூசியஸ் சொன்னவர். நீ ஓரத்தை நேராத் தை."

அப்பா ஊரில் இறந்தபோது என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. போனால் திரும்பி வர முடியாது. தொழிற்சாலையில் மூன்று நாள் லீவு. வந்தவர்கள் எல்லோரும், "வயசான மனுசன்தானே, மனதைத் திடப்படுத்து" என்றார்கள். நானும் திடமாகத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு திரிந்தேன்.

மூண்டு சமயம் வந்தார். என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"இண்டைக்கு எந்தச் சமயம் அண்ணை?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை பிறந்து மூண்டு வருசம் தாய் தேப்பன்ர கையிலதான் கிடக்குது. அதாலை அவையளுக்கு மூண்டு வருசம் துக்கம் காக்கவேணும் எண்டது கன்பூசியஸின்ர வழி. நீ மூண்டு நாளில என்னத்தை அழுது முடிக்கப்போறாய்?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவர் மேற்பார்வை செய்யும் பெண்ணிடம் போய், எனக்கு மூன்று வருட லீவு கேட்டாராம். "உனக்கென்ன பைத்தியமா?" என்றாளாம் அவள். உடனே சீனப் பெரியவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சாட்சி சொல்ல எழுந்து வந்தாராம். இரண்டு பேருடைய பிரெஞ்சையும் ஒரே நேரத்தில் தாங்க முடியாமல் அவள் இரண்டு கிழமை, பதினாலு நாள், லீவு எழுதிக் கொடுத்தாள். என் பங்குத் திரைச்சீலைகளை அவர்கள் இருவரும் பிரித்துத் தைத்தார்கள்.

அந்த இரண்டு கிழமையும் வேலை முடிந்ததும் மூண்டு சமயம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். சமயம் எதுவும் பேசமாட்டார். "உன்ர அப்பா எப்பிடிச் சிரிப்பார்? கோவம் வந்தா என்ன செய்வார்?" என்று கேட்டபடி இருப்பார். அப்பா தும்மினால் ஏழு தரம் தும்முவார், ஆறில் நின்றுவிட்டால் வீடே வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் என்று ஒருநாள் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், நடுவில் சட்டென்று நிறுத்திக் கண்ணைத் துடைத்தார்.

"நல்ல மனுசன். எனக்குக் காணக் கிடைக்கேல்லை."

அந்தப் பெரிய நகரத்தில், என்னோடு சேர்ந்து என் அப்பாவை இழந்தவர் அவர் ஒருவர்தான்.