ஓர் ஆள் வகுப்பு

முத்துப்பேச்சியை மூன்று குழுக்களாகப் பிரிக்க முடியாது என்று கணினி சொல்லிவிட்டது.

ஸ்ரீமதி மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். குழுவுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்று மறுபடியும் சிவப்பு எழுத்து வந்தது. பல்கலைக்கழகத்தின் உதவி மையத்துக்குப் போன் அடித்தாள்.

"உதவி மையம், முகம்மது ரியாஸ் பேசுறேன். சொல்லுங்க மேடம்."

"குழுவாப் பிரிச்சு விவாதம் நடத்துங்க, கூட்டம் தன்னால வரும்னு நேத்து நீங்கதான சொன்னீக? பிரிய மாட்டேங்குது."

"எத்தன பேரு இருக்காக?"

"ஒருத்தி."

"மத்தவக?"

"மத்தவக வந்தா நான் ஏன் தம்பி உங்களக் கூப்பிடுதேன்?"

ஸ்ரீமதி விருதுநகரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துபவள். இந்த வருடம் ஆன்லைன் பி.காம். வகுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள். ஆலை விட்டபின் சாயங்காலம் வகுப்பு. அதற்கு வருவது முத்துப்பேச்சி மட்டும். அவளும் கேமராவை அணைத்து, மைக்கை அணைத்து, திரையில் 'மு' என்று எழுதிய ஒரு சாம்பல் நிற வட்டமாகத்தான் வருவாள்.

அந்த வட்டத்துக்காக ஸ்ரீமதி தினமும் முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டி உட்கார்ந்தாள்.

வராதவர்களைப் போனில் விசாரிக்காமலும் இல்லை. ஆர்த்தி என்ற பெண் சொன்னாள்: "கம்பெனி கேட்டுக்குள்ள போன் விடமாட்டாக மேடம். வீட்லயே வச்சிட்டுப் போயிருவோம். நாங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வகுப்பு முடிஞ்சிரும்."

"அப்ப பாடம்?"

"பாடம்லாம் நல்லாத்தான் நடத்துறீக மேடம்."

வகுப்புக்கே வராதவள் மரியாதைக்குச் சொல்லும் பொய் என்று ஸ்ரீமதி மனசு நொந்து போனை வைத்துவிட்டாள்.

ஆன்லைன் படிப்பின் ஒருங்கிணைப்பாளர் சங்கரபாண்டியன் அன்று காலையில்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "ஏம்மா, பத்துப் பேராவது இல்லேன்னா வகுப்ப மூடச் சொல்லி மேல இருந்து சொல்றாக. நான் என்ன செய்ய முடியும், சொல்லு."

மூடினால் முத்துப்பேச்சி எங்கே போவாள் என்பதுதான் ஸ்ரீமதியின் கவலை.

"குழு வேண்டாம் மேடம். வாக்கெடுப்பு வையுங்க," என்றான் போனில் ரியாஸ். "பாடம் புரிஞ்சதான்னு கேளுங்க. ஆளுக ஈடுபாட்டோட இருக்காகன்னு அறிக்கையில நல்லாத் தெரியும்."

வைத்தாள். முத்துப்பேச்சி 'ஆம்' என்று அழுத்தினாள். பிறகு அதை 'இல்லை' என்று மாற்றினாள். மறுபடியும் 'ஆம்'. மறுபடியும் 'இல்லை'. நூறு சதவீதத்துக்கும் சைபருக்கும் நடுவில் திரை ஊசலாடிக்கொண்டே இருந்தது.

'என்னம்மா, புரியுதா புரியலையா?' என்று ஸ்ரீமதி எழுதினாள்.

'பாதிக்குப் பாதி மேடம்' என்று பதில் வந்தது.

பிள்ளை குழம்பிப் போயிருக்கிறது என்று அன்றைய பாடமான தேய்மானக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினாள் ஸ்ரீமதி. அதற்குள் ரியாஸுக்கு இன்னொரு யோசனை. "தானியங்கி வருகைப்பதிவ ஆன் பண்ணி விடுதேன் மேடம். அப்பப்ப 'இருக்கிறீர்களா'ன்னு கேக்கும். அழுத்துனா ஒரு வருகை ஏறும். கணக்குல எண்ணிக்கை கூடித் தெரியும்."

செயலி கேட்டது. முத்துப்பேச்சி அழுத்தக் கொஞ்சம் தாமதித்தாள். செயலி அவளைப் பிடித்து வெளியே தள்ளியது.

இது தெரியாமல் ஸ்ரீமதி இயந்திரத்தின் ஆயுட்காலத்தைத் தன் முகத்துக்கே விளக்கிக்கொண்டிருந்தாள். 'இன்றைய வருகை: பூஜ்யம்' என்று செயலி சங்கரபாண்டியனுக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சலும் போட்டுவிட்டது.

முத்துப்பேச்சி திரும்ப உள்ளே வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில், மின்னஞ்சலைப் பார்த்துவிட்டுச் சங்கரபாண்டியனும் வகுப்புக்குள் வந்தார். "என்னம்மா நடக்குது இங்கன" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், இரண்டாவது ஆள் கிடைத்த சந்தோஷத்தில் செயலி அவரையும் முத்துப்பேச்சியையும் ஒரு குழுவில் போட்டு, தேய்மானத்தில் ஐந்து கேள்விகளைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டது.

"ரியாஸ், அவர வெளிய எடுங்க," என்றாள் ஸ்ரீமதி.

"பரீட்சை முடியாம எடுக்க முடியாது மேடம்."

முடிந்தது. முத்துப்பேச்சி எல்லாம் சரி. சங்கரபாண்டியன் ஒன்றே ஒன்று. 'உங்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவை. மனம் தளர வேண்டாம்' என்று செயலி அவருக்கு எழுதியது.

திரும்பி வந்தவரின் முகம் சிவந்திருந்தது. "நான் சரித்திரம் படிச்சவன்," என்றார். பிறகு குரலை உயர்த்தினார். "இருக்கிறது ஒரே ஒருத்தி. அவளும் நெசமா, வேற யாரும் உக்காந்து எழுதுறாகளா, யாருக்குத் தெரியும்? கேமராவப் போடச் சொல்லு. முகத்தப் பாத்துட்டு இன்னைக்கே மூடிருவோம்."

"சார், அந்தப் பிள்ள ஒருத்திக்காவது நான் நடத்துறேனே சார்," என்றாள் ஸ்ரீமதி. "என் சொந்த நேரத்துல நடத்துறேன். அவள விட்ருங்க."

"கேமரா," என்றார் சங்கரபாண்டியன். சாம்பல் வட்டம் அப்படியே நின்றது. பிறகு 'கேமரா போட்டா கோவிச்சுக்கிடுவீகளா மேடம்' என்று எழுத்து வந்தது.

ஸ்ரீமதிக்குப் புரியவில்லை. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஒரு போனில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இருவருக்குமே வருகை கிடையாது என்று முதல் நாள் விதிமுறையை வாசித்தபோது மட்டும்தான் அவள் கடுமையாகப் பேசியிருந்தாள்.

"போடும்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கேமரா திறந்தது. முதலில் ஒரு காக்கிச் சட்டையின் தோள். அப்புறம் ஸ்டீரிங். அப்புறம் ஒரு பெண்ணின் முகம். நெற்றியோரம் அலுமினியத் தூள் மினுங்கியது. முத்துப்பேச்சி பயந்த கண்ணோடு கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ யாரையோ 'ஒக்காரு, மேடம் தெரியல' என்று அதட்டினார்கள்.

காக்கிச் சட்டைக்காரர் ஆலை வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம், போனு என்னுது, டிரைவர் முத்துக்கருப்பன், அட்டெண்டன்ஸ முன்சீட்டுல இருந்து எடுக்கீகளா, பின்சீட்டுல இருந்தா?"