பொத்தான் டப்பாவுக்குள் கடலை

வாத்தியாருக்கு இதயம்தான் பலவீனம். வீறாப்பில் ஒரு குறையும் இல்லை. "இந்த உப்புசப்பில்லாத சாப்பாட்டுக்கு இனி நான் அடங்க மாட்டேன்" என்று சபதம் செய்தார், மனைவி மாடியில் துணி உலர்த்தப் போன சமயமாகப் பார்த்து.

அவளைக் குறை சொல்ல முடியாது. போன முறை கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி அவர் தவித்ததைப் பார்த்தவள் அவள். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அன்றிலிருந்து உப்பு ஜாடி தலைமறைவு. குடிக்கும் தண்ணீருக்கு அளவு. காலையில் பல் விளக்கியதும் எடை இயந்திரம்.

டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று வாத்தியார் நடந்தார், எதிர்ச்சாரித் தையற்கடை வரைக்கும்.

"வறுத்த கடலை வேணும். உப்பு தூக்கலா."

"வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கிழிச்சுத் தைச்சிடுவாங்க, வாத்தியாரே."

"அவளுக்கு எங்க தெரியப் போகுது, பாவம்."

மறுநாளிலிருந்து பொத்தான் டப்பாவுக்குள் கடலை காத்திருந்தது. மிளகும் எலுமிச்சையும் மணக்க, சில நாள் சூடாகவே. தையற்கடையில் ஏது அடுப்பு என்று அவர் கேட்கவில்லை. வாய் நிறையக் கடலை இருக்கும்போது கேள்வி எப்படி வரும்?

ஒரு மாதம் கழித்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அவரை எடை போட்டாள், கணுக்காலை அழுத்திப் பார்த்தாள்.

"எடை ஏறல. வீக்கமும் இல்ல. உப்பில்லாம இருந்தது நல்லா வேலை செய்யுது."

இதற்காகத்தானே வாத்தியார் காத்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உப்பில்லாமலா? ஒரு மாசமா தினமும் உப்புக்கடலை தின்னுட்டு வரேன். கால் வீங்குச்சா? இல்லையே. உங்க டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

நர்ஸ் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தாள். அவளோ சாவகாசமாக அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கடலை நல்லா இருந்துச்சா?"

"அமிர்தம். நீ ஜென்மத்துக்கும் அப்படி வறுக்க மாட்டே."

"அப்பாடா" என்றாள் அவள். "நேத்து கொஞ்சம் கருகிடுச்சு. உப்பும் இல்லாத கடலையாச்சே, கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் தையற்காரர்கிட்ட குடுத்தேன்."