மஞ்சள் ஸ்வெட்டரும் பதினொன்றாம் விதியும்

“மிஸ்டர் டாலன்டயர், உங்க ஷூ மேல ஒரு கைக்குட்டை கிடக்கு.”

சொன்னவர் பெரில் ஹெஸ்லப் அம்மாள். பள்ளத்தாக்கின் பதினோரு ஊர்கள் சேர்ந்து குளிர்காலம் முழுக்க நடத்துகிற கம்பளப் பந்து லீகின் செயலாளர். கம்பளப் பந்து என்பது நீளக் கம்பளத்தில் பந்தை உருட்டி, மறுமுனையில் வைத்த வெள்ளைப் பந்துக்கு மிக அருகே நிறுத்துகிற ஆட்டம். லீகின் நாற்பத்தொரு விதிகளும் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் விதிப் புத்தகம் அவர் கைப்பையை விட்டு இறங்கியதில்லை.

ஹோரஸ் டாலன்டயர் குனிந்து பார்த்தார். வலது ஷூவின் மேல் வெள்ளைக் கைக்குட்டை நன்றாக விரித்துக் கிடந்தது. விரித்தவரே அவர்தான்.

“ஆமா, கிடக்கு” என்றார்.

“ஏன் கிடக்கு?”

“கட்டைவிரல்ல வீக்கம். குளிர் படக்கூடாதாம்.”

“அதுக்கு ஷூவுக்கு மேலயா?”

“உள்ள இடமில்லைங்க.”

பெரில் அவரையும் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். முப்பதடிக் கம்பளத்தின் மறுமுனையில் ஆமோஸ் ரெய்ன் கையில் பந்தோடு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு நின்றார். இத்தனை கூத்தும் அவருக்காகத்தான். ஆமோஸுக்குக் கண் போய்விட்டது. அது ஹோரஸுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

செப்டம்பர் கடைசி நாளில் ஆரம்பித்த வினை இது. மார்ச்சில் மனைவி மியூரியல் இறந்தபிறகு, ஹோரஸ் இரண்டே வரியில் கடிதம் எழுதி அணியிலிருந்து விலகிவிட்டார். முப்பது வருஷம் ஹார்த்வெயிட் ஊர் அணிக்கு ஸ்கிப்பாக இருந்தவர். அதாவது, கம்பளத்தின் எதிர்முனையில் நின்று மற்ற மூவருக்கும் வழிகாட்டிவிட்டுக் கடைசியில் தானும் ஆடுகிறவர். விலகியபின் பட்டப்பகலிலும் திரையை மூடிக்கொண்டு டின் சூப்பைக் குடித்துக் காலம் தள்ளினார். யார் கதவைத் தட்டினாலும் இரண்டங்குல இடுக்கு வழியாக “நல்லாத்தான் இருக்கேன்” என்பார். தட்டியவர்கள் போய்விடுவார்கள்.

ஆமோஸ் போகவில்லை. இடுக்கில் காலை விட்டு உள்ளே வந்து, கையால் தடவித் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து, அதன் மேலிருந்த முழு ரொட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“டேய், ரொட்டிடா” என்றார் ஹோரஸ்.

“அதான் மெத்துன்னு இருக்கு” என்றார் ஆமோஸ். பிறகு குரலைத் தாழ்த்தினார். “யார்கிட்டயும் சொல்லாத. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பக்கத்துல சுமாராத் தெரியுது. பத்தடி தாண்டினா எல்லாம் கஞ்சி.”

“டாக்டரைப் பாக்கறதுதானே?”

“டாக்டர் பெரிலோட தம்பி.”

ஹோரஸுக்குப் புரிந்தது. பதினொன்றாம் விதி: வெள்ளைப் பந்தைக் காண இயலாதவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். அப்படி விலகினவரை மறுபடி சேர்க்க மாட்டார்கள்.

“வியாழக்கிழமை மத்தியான ஆட்டமும் இல்லைன்னா, வாரத்துல எனக்கு வேற என்னடா இருக்கு?” என்றார் ஆமோஸ்.

ஹோரஸுக்கு அந்த வியாழக்கிழமைகூட இல்லை. ஆமோஸ் சட்டைப்பையிலிருந்து பதிவுப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய கோட்டின் மேல் விரலை வைத்தார். “நீ மறுபடி ஸ்கிப்பா வா. அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஏதாவது செய். வேற யாரை நான் நம்பறது?”

பெயர்ப் பட்டியல் அன்று மாலையோடு மூடுகிறது. “உனக்காகத்தான் போடறேன்” என்று சொல்லி ஹோரஸ் கையெழுத்துப் போட்டார்.

“தெரியும்டா” என்றார் ஆமோஸ்.

வாயால் வழி சொல்லிவிடலாமே என்றால் அங்கேதான் ஒன்பதாம் விதி குறுக்கே நிற்கிறது. ஆடுகிறவர் பந்தோடு கம்பளத்தின் முனையில் விரித்த பாயில் ஏறிவிட்டால் யாரும் மூச்சுவிடக் கூடாது. அதனால்தான் கைக்குட்டை. ஹோரஸ் தன் ஷூவை எங்கே வைக்கிறாரோ அங்கே ஆமோஸ் பந்தை விடுவார். மூன்று வாரம் ஒழுங்காகத்தான் போனது.

பெரில் நோட்டில் எழுதிய மறுவாரம், கட்டைவிரல் பதினோரு ஊருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. நான்கு டப்பா தைலமும் ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பும் வந்து சேர்ந்தன. கூடவே பெரிலும் வந்தார்.

“இருபத்திரண்டாம் விதி. கால்ல காயமோ வீக்கமோ இருக்கறவங்க கம்பளத்துல ஏறக்கூடாது.”

“ஆறிடுச்சு” என்றார் ஹோரஸ்.

“ஒரே வாரத்துலயா?”

“உங்க தைலம் அப்படி.”

பெரிலுக்கு மனம் குளிர்ந்தது. கைக்குட்டைக்கு வேலை போனது. அடுத்த ஏற்பாடு இருமல். ஒரு தரம் இருமினால் இடது பக்கம், இரண்டு தரம் இருமினால் வலது பக்கம். ஒத்திகையை ஹோரஸ் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

“வெளிச்சமே இல்லையேடா. இருக்கற கண்ணும் போயிடும். திரையை விலக்கு” என்றார் ஆமோஸ்.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அந்தத் திரை விலகியது. சோபாவை நகர்த்தி, தரையைப் பெருக்கி, உருளைக்கிழங்கை உருட்டிப் பழகினார்கள். பழகிய உருளைக்கிழங்கை என்ன செய்வது? ஹோரஸ் ஆட்டுக்கறியோடு அடுக்கி அடுப்பில் வைத்தார். வீட்டுக்கு வருகிறவனுக்கு டின் சூப்பா கொடுக்க முடியும்?

ஒவ்வொரு வியாழனும் ஹோரஸ் மேட்டிலிருந்த ஆமோஸின் வீட்டுக்குப் போய், அவர் முழங்கையைப் பிடித்துப் பத்திரமாக இறக்கிக் கூட்டிவருவார். ஒருநாள் பாதி வழியில் ஆமோஸ் அவரைப் பின்னுக்கு இழுத்தார்.

“பள்ளம். தண்ணி நிக்குது. சுத்தி வா.”

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“வாசனை.”

கடவுள் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுக்கத்தான் செய்கிறார் என்று ஹோரஸுக்கு நெஞ்சு கரைந்தது. முழங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இருமல் இரண்டு ஆட்டம் தாங்கியது. மூன்றாவது ஆட்டத்தில் எதிரணித் தலைவர் ஜெத்ரோ பெல்லுக்கு நிஜமாகவே நெஞ்சுச்சளி. ஆமோஸ் பாயில் ஏறியதும் ஹோரஸ் ஒருமுறை இருமினார். ஜெத்ரோ ஐந்து முறை இருமினார். ஆமோஸ் கொஞ்ச நேரம் கணக்குப் போடுவதுபோல் நின்றார். பிறகு பந்தை விட்டார். அது கம்பளத்தை விட்டிறங்கி, தரையைக் கடந்து, இரண்டு நாற்காலிகளின் கால்களுக்கு நடுவே புகுந்து, தேநீர் மேஜையைச் சுற்றிக்கொண்டு, எதிலும் இடிக்காமல் பியானோவுக்கு அடியில் போய் நின்றது.

“இப்படி ஒரு பந்தை நான் பார்த்ததே இல்லை” என்றார் பெரில். அவர் குரலில் பாராட்டுக்கூட இருந்தது. ஆனால் விதி விதிதானே. “முப்பதாம் விதி. இருமறவங்க பொதுப் பந்தைத் தொடக்கூடாது. ரெண்டு பேரும் வெளிய.”

பள்ளத்தாக்கு முழுக்க ஒரே சளியில் படுத்த வருஷம் போட்ட விதி அது. ஹோரஸும் ஜெத்ரோவும் வெளியே நின்ற எதிரணியின் வேனில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் புதினா மிட்டாயைப் பங்குபோட்டுத் தின்றார்கள். ஜெத்ரோவும் மனைவியை இழந்தவர்தான் என்பது அன்றுதான் ஹோரஸுக்குத் தெரிந்தது. ஹார்த்வெயிட்டுக்கு இரண்டு புள்ளி போனது.

“மஞ்சள் நிறம் மட்டும் கொஞ்சம் தெரியுதுடா” என்றார் ஆமோஸ் திரும்புகிற வழியில். “மியூரியல் உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாளே. அது இருட்டுலயே தெரியும்.”

அந்த ஸ்வெட்டர் மியூரியலின் துணிகளோடு அலமாரியில் இருந்தது. மார்ச்சுக்குப் பிறகு ஹோரஸ் அந்தக் கதவைத் தொடவில்லை. மறுநாள் மதியம் முழுக்க அதன் முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “ஆமோஸுக்காகத்தான்” என்று அலமாரியிடமே சொல்லிவிட்டுத் திறந்தார். அவள் வாசனை வந்தது. மனிதர் அழுதார். நன்றாக, சத்தம்போட்டு, மூக்கைச் சிந்தி அழுதார். பிறகு அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிட்டு, ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமான அந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை அவர் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லார் கண்ணும் ஸ்வெட்டர் மேல் போனது.

“மியூரியல் பின்னினதுதானே?” என்று மெல்லக் கேட்டார் பெரில்.

“அவளேதான். கம்பளி மலிவா கிடைச்சுதுன்னு ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தா.”

“கையை அளக்கவே இல்லை போல.”

“என் கைதான் கோணல்னு சாதிச்சா.”

எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை ஹோரஸ் முன்னால் அவள் பேரைச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அன்று தேநீர் ஆறும்வரை மியூரியல் கதைதான். ஆமோஸின் பந்துகளோ மஞ்சளைக் குறிவைத்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஹார்த்வெயிட் ஜெயித்தது.

“பதினேழாம் விதி” என்றார் பெரில். “வெள்ளைச் சட்டை, சாம்பல் கால்சட்டை, அணி டை.” கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு புள்ளியை வெட்டினார்.

இப்படியாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப்போய், மார்ச் வந்தபோது ஹார்த்வெயிட் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கடைசியில் முடிக்கிற ஊருக்கு அடுத்த வருஷம் லீகில் இடமில்லை. கடைசி ஆட்டத்தில் தோற்றால் ஆமோஸுக்கு வியாழக்கிழமையே கிடையாது.

ஆட்டம் சொந்த ஊர்க் கூடத்தில்தான். நடுவர் பெரில். அவர் ஹோரஸுக்குப் பக்கத்திலேயே நின்றார். கைக்குட்டை இல்லை, இருமல் இல்லை, மஞ்சள் இல்லை. ஹோரஸ் தன் கடைசிப் பந்தைச் சொதப்பிவிட்டார். எண்ணிக்கை சமமானது. சமமானால் இருபக்கமும் ஆளுக்கொருவர் ஒரு பந்து விடவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் வந்த பெயர் ஆமோஸ்.

எதிரணியின் பந்து வெள்ளைப் பந்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கம்பளத்தின் நடுவே, எப்போதும் தடையாக வைக்கிற வட்டக் கட்டை. அதைச் சுற்றி வளைந்துதான் போகவேண்டும். ஆமோஸ் பாயில் ஏறி, தலையைச் சாய்த்து, காத்திருந்தார்.

ஹோரஸால் தாங்க முடியவில்லை.

“மிஸஸ் ஹெஸ்லப், நிறுத்துங்க” என்றார். “கால் வீக்கம் பொய். இருமல் பொய். ஆமோஸுக்குக் கண்ணு தெரியாது. ஏமாத்தினது நான்தான். என்னை வெளிய அனுப்புங்க, அவனை விட்டுடுங்க. இந்த வியாழக்கிழமை இல்லைன்னா அவன் வீட்டுக்குள்ளயே கிடந்து செத்துப்போவான். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

ஆமோஸ் காது சிவக்கத் தரையைப் பார்த்தார். பெரில் கைப்பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். பதினொன்றாம் விதியைப் படித்தார். மூடினார்.

“இதைக் கமிட்டிதான் முடிவு பண்ணணும்” என்றார். “கமிட்டி செப்டம்பர்ல கூடும். ஆடுங்க.”

“ஒன்பதாம் விதி இருக்கேங்க. நான் பேசக்கூடாதே.”

“எனக்கு இந்தப் பக்கக் காது இன்னைக்குக் கொஞ்சம் மந்தம்” என்று சொல்லி பெரில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஹோரஸ் மண்டியிட்டு, வெள்ளைப் பந்துக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்தார். “இங்கடா ஆமோஸ். கொஞ்சம் இடது பக்கம். அவசரமே இல்லை. தூங்கற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி விடு.”

ஆமோஸ் விட்டார். பந்து கட்டையை உரசுகிற மாதிரி போய், உரசாமல் வளைந்து, மெல்ல மெல்ல வந்து வெள்ளைப் பந்தைத் தொட்டு நின்றது. ஹோரஸ் கம்பளத்தின் மேலேயே ஓடிப்போய் ஆமோஸைக் கட்டிக்கொண்டார். அதற்கும் ஒரு விதி உண்டு. பெரில் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்த சமையலறையில் தேநீர்ப் பாத்திரம் இரைந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு புது அம்மாள் தட்டுகளில் இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரமும் பட்டாணியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். ஆமோஸின் அக்கா எட்னா. நியூகாசிலிலிருந்து ஒரு வாரம் தங்க வந்தவர். கூடத்தில் நடந்த எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. ஹோரஸ் தட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க கவலைப்படாதீங்கம்மா. அவன் கண்ணை நாங்க எல்லாரும் சேர்ந்து பாத்துக்கறோம்.”

எட்னா கரண்டியை நிறுத்தினார்.

“அவன் கண்ணுக்கு என்ன? காலையில என் ஊசிக்கு நூல் கோத்துக் குடுத்ததே அவன்தான். அதை விடுங்க, சம்சாரம் போனதுலேர்ந்து ஒருத்தர் திரையை மூடிக்கிட்டு உள்ளயே கிடக்கறார், எப்படியாவது வெளிய இழுத்துட்டு வந்துடுவேன்னு செப்டம்பர்ல போன்ல சொல்லிட்டிருந்தானே, அந்த மனுஷன் வந்தாரா இல்லையா?”