பக்தர்கள் எதையும் பிடிக்காமல் நின்றது குறித்து

அனுப்புநர்: முருகையன், மாவட்ட நிருபர், வேங்கிக்கால், திருவண்ணாமலை.
பெறுநர்: உயர்திரு பலராமன் அவர்கள், செய்தி ஆசிரியர், வேலூர் பதிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் ரத்த அழுத்தமும் நலம் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை காலை போனில் கேட்ட குரலை வைத்து இரண்டாவதை உறுதிப்படுத்த முடியவில்லை.

மெமோ கிடைத்தது. ஐந்தாம் பக்கத்தில் வந்த பௌர்ணமிச் செய்திக்கு மூன்று நாளில் எழுத்துபூர்வமான விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். பதிவுக்காக அந்தச் செய்தியை அப்படியே கீழே தருகிறேன்:

"பௌர்ணமியை முன்னிட்டு திருவண்ணாமலையில் நேற்று லட்சக்கணக்கான பக்தர்கள் கிரிவலம் வந்தனர். அவர்கள் டி.வி. ஸ்டாண்டை விட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல் பதினோரு விநாடி நின்றனர். பிறகு பொத்தென்று உட்கார்ந்தனர். டயபர் ஈரமாக இல்லை. பாதுகாப்புப் பணியில் ஏராளமான போலீசார் ஈடுபட்டனர்."

இதில் முதல் வரியும் கடைசி வரியும் உண்மை. நடுவில் இருப்பதும் உண்மைதான். ஆனால் அது பக்தர்களைப் பற்றியது அல்ல, என் மகள் கவிநிலாவைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஏழாம் தேதி அவளுக்கு முதல் பிறந்தநாள். நான் லீவு கேட்டேன். "பௌர்ணமியை விட்டுட்டு என்னய்யா லீவு?" என்று தாங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எனவே மதியம் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை போய்ப் படம் எடுத்துவிட்டு, போலீசார் அடைத்த சாலைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். செய்தியைச் செல்போனில் வாயால் சொல்லித் தட்டச்சு செய்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது குழந்தை எழுந்து நின்றது. "டி.வி. ஸ்டாண்டை விட்டுட்டா, எதையும் பிடிக்காம நிக்கறா" என்று நான் சொன்னதை போன் எழுதிக்கொண்டது. நான் படித்துப் பார்க்காமல் அனுப்பியது என் குற்றம். ஆனால் ஒருமையில் போனது பன்மையில் வந்திருக்கிறது. "நிக்கறா" என்று போனது "நின்றனர்" என்று மரியாதையோடு வந்திருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கும் வீட்டில் குழந்தை இருக்கலாம்.

குழந்தை நின்றதற்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று தாங்கள் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு நாற்பத்தேழு வயது. இந்த வேலையில் இருபத்தாறு வருடம். கல்யாணமாகிப் பதினாறாவது வருடத்தில் கவிநிலா பிறந்தாள். தடுப்பூசி போடும் செவிலியர் அருணாதேவி ஒரு அட்டை கொடுத்தார். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்கார்வது, தவழ்வது, நடப்பது என்று வரிசையாகப் படம் போட்டு, பக்கத்தில் தேதி எழுத இடம் விட்ட அட்டை. இதை நானே நிரப்புகிறேன் என்று என் மனைவி ஆதிலட்சுமியிடம் சொன்னேன். நானே கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவேன் என்றும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லியிருக்கக் கூடாது.

கார்த்திகை தீபத்தின் பத்து நாளும் நான் குளிப்பதற்கு மட்டுமே வீட்டுக்கு வந்தேன் என்பது தாங்கள் அறிந்ததே. போகும்போது ஆடிக்கொண்டிருந்த தலை, தீபம் முடிந்து வந்தபோது நின்றிருந்தது. தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். பேருந்து நிழற்குடை எந்தப் பக்கம் வேண்டும் என்று இரண்டு ஊர்க்காரர்கள் மனு கொடுத்துவிட்டு அங்கேயே சண்டை போட்டார்கள். நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே அவள் குப்புற விழுந்தாள். கலெக்டர் ஆபீசிலிருந்து என் வீட்டுக்கு பைக்கில் ஏழு நிமிடம். சித்திரைப் பௌர்ணமியன்று தவழ்ந்தாள். நான் எங்கே இருந்தேன் என்று தங்களுக்கே தெரியும். முதல் பல்லைக் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு பீபி ஜான் அக்காவின் விரல். முதல் வார்த்தை "டாட்டா". என் முதுகைப் பார்த்துச் சொன்னாளாம். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன்.

வாசப்படி தாண்டியதுதான் எல்லாவற்றிலும் மோசம். அன்று சாயங்காலம் பைக்கை நிறுத்தும்போதே பீபி ஜான் அக்கா ஒரு கிண்ணத்தில் தேங்காயும் வெல்லமும் பொட்டுக்கடலையும் கொண்டுவந்து நீட்டினார். வாயில் போட்டுக்கொண்டே, "என்னக்கா விசேஷம்?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி, உங்க வீட்டுத் தேங்காதான். பாப்பா வாசப்படி தாண்டிச்சுனு ஆதி உடைச்சா. தெரு மொத்தம் சாப்பிட்டாச்சு. ஊர் நியூஸெல்லாம் போடறீங்க, உங்க வீட்டு நியூஸ் உங்களுக்குக் கடைசியாத்தான் வருது."

அன்று நான் தேங்காயை முழுங்கிவிட்டு முடிவு செய்தேன். அட்டையில் மீதி இருப்பது ஒன்றுதான். நடப்பதை நான் பார்த்தே தீர்வது. அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பேட்டி எடுக்கும்போது பாதியில் வீட்டுக்குப் போன் போடுவேன். "நடந்தாளா?" என்று கேட்பேன். "இல்லைங்க, உட்கார்ந்துட்டிருக்கா" என்பாள் ஆதி. கூட்டத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து வெளியே போனேன். அதிகாரி ஒருவர் எனக்குச் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார். மதியத்தில் ஒரு காரணமும் இல்லாமல் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். எப்போது வந்தாலும் அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தவள், என் பைக் சத்தம் கேட்டதும் பொத்தென்று உட்கார்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்பா மேல் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

எடை பார்க்க மூவரும் போனபோது செவிலியர் அருணாதேவி கேட்டார். "பாப்பா நடக்குதா சார்?"

"இன்னும் இல்லைங்க" என்றேன். ஆதி சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு மாசம்கூட ஆகும் சார், டென்ஷன் ஆகாதீங்க. இப்ப நீங்க நடக்கறதுதான் ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் உட்காருங்க."

அன்று இன்னொன்றும் கவனித்தேன். தவழும் குழந்தைக்கு முட்டி கறுக்க வேண்டும். இவளுக்குப் பாதம் கறுத்திருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"எண்ணெய் தேய்ச்சேங்க. அதுல தூசி ஒட்டிக்கிச்சு" என்றாள் ஆதி.

"ரெண்டு பாதத்திலுமா?"

"ஒரு பாதத்துக்கு மட்டுமா எண்ணெய் தேய்ப்பாங்க?"

பதில் பொருத்தமாக இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

இனி ஏழாம் தேதி சம்பவம். நேரம் மாலை ஐந்தரை. கேக் வெட்டியாகிவிட்டது. குழந்தைக்குக் கேக் பிடிக்கவில்லை, மெழுகுவத்தி பிடித்தது. வீட்டில் ஆதி, சேமியாப் பாயசத்தோடு பீபி ஜான் அக்கா, செல்போனோடு அவர் மகள் மெஹ்விஷ். மெஹ்விஷ் கல்லூரியில் படிக்கிற பெண், பொறுப்பாகப் படம் எடுப்பாள். தங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று தடவை அழைப்பு. ஐந்து முப்பத்தெட்டுக்குக் குழந்தை எழுந்து நின்றது. பதினோரு விநாடி. உட்கார்ந்தது. அது வரைக்கும் தங்கள் பத்திரிகையிலேயே வந்துவிட்டது.

நான் மூன்றடி தள்ளி முட்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

"தம்பி, அப்படி முறைச்சுப் பார்த்தா எந்தக் குழந்தை வரும்? சிரிங்க கொஞ்சம்" என்றார் பீபி ஜான் அக்கா.

"சிரிச்சுட்டுதாங்க்கா இருக்கேன்."

"இதுவா சிரிப்பு? ஆதி, நீ சொல்லு பாப்பாவுக்கு."

ஆதி குழந்தையின் காதில் என்னவோ சொன்னாள். ஐந்து நாற்பத்திரண்டுக்குக் கவிநிலா எழுந்தாள். வலது கால். இடது கால். என்னிடம் வந்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் என் கைக்கு அருகில் வந்து ஒரு திருப்பம் எடுத்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், கட்டில் மேல் இருந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு, மறுபடி வந்து என் மடியில் உட்கார்ந்தாள். மொத்தம் பதினான்கு அடி. முதல் நடையிலேயே திரும்பத் தெரிந்த குழந்தையை நான் கேள்விப்பட்டதில்லை. என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, எண்ணியதைச் சொல்கிறேன். முதல் அடிக்கு அரை விநாடி முன்பே கைதட்டல் கேட்டது என்பதையும் முழுமைக்காகப் பதிவு செய்கிறேன். ஆதி அழுதாள். பீபி ஜான் அக்கா, "அப்பாடா, முடிஞ்சுது" என்றார். அட்டையை எடுத்து, "நடப்பது" என்ற படத்துக்கு எதிரே தேதி போட்டு, "நேரில் கண்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அட்டையில் என் கையெழுத்தோடு இருக்கும் ஒரே வரி அது.

அதற்குப் பிறகு கூட்டம் எத்தனை, போக்குவரத்து எப்படி என்று தங்கள் ஆட்கள் கேட்டபோது என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. வழக்கம்போல லட்சக்கணக்கான பக்தர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருடத்தில் அதை நான் எண்ணியதும் இல்லை, அது கம்மியானதும் இல்லை. ஆனால் பதினான்கு அடி என்பது நான் எண்ணியது.

இதுவே என் விளக்கம். எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த பௌர்ணமிக்கு வேலையிலிருந்து நகர மாட்டேன். தங்களுக்கும் வீட்டில் உள்ள அனைவருக்கும், செய்தியைத் திருத்திய அந்தப் பெயர் தெரியாத நண்பருக்கும் அண்ணாமலையார் நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முருகையன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன், ஆதாரமாக இணைக்கலாம் என்று மெஹ்விஷிடம் அவள் எடுத்த பிறந்தநாள் வீடியோவைக் கேட்டேன். அனுப்பினாள். அவசரத்தில் கூடவே இன்னொன்றும் வந்துவிட்டது. நாற்பது விநாடியில் அதை அழித்தும்விட்டாள். அந்த இன்னொரு வீடியோவின் நீளம் முப்பத்திரண்டு விநாடி. நான் பார்த்து முடித்திருந்தேன்.

இடம், பீபி ஜான் அக்கா வீடு. சுவரில் தேதி கிழிக்கும் நாள்காட்டி: 25, திங்கட்கிழமை. பிறந்தநாளுக்குப் பதிமூன்று நாள் முன்னால். நான் குறைதீர் நாளில் இருந்தேன். தையல் மெஷினிலிருந்து வாசல் வரை கவிநிலா நடக்கிறாள். நடக்கிறாள் என்பதைவிட ஓடுகிறாள். வாசலில் திரும்புகிறாள். வெளியே, பாதியில் எட்டிப் பார்க்க வந்த என் பைக் சத்தம். ஆதி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து உட்கார வைக்கிறாள்.

"எத்தினி நாளைக்கு ஆதி இதைப் பிடிச்சுப் பிடிச்சு உட்கார வைப்ப? பாவம், தம்பிகிட்ட சொல்லிடேன்" என்கிறார் பீபி ஜான் அக்கா.

"வேணாங்க்கா. ஒண்ணாச்சும் அவரு பார்க்கட்டும்."

எனவே ஒரு திருத்தம். மேற்கண்ட கடிதத்தில் "முதல் நடை" என்று வரும் இடத்தை "பதிமூன்று நாள் கழித்து எனக்காக நடத்திக் காட்டப்பட்ட நடை" என்று மாற்றி வாசிக்கவும். அப்பா மேல் மரியாதை என்று நான் எழுதிய வரியை நீக்கிவிடவும். அட்டையில் போட்ட கையெழுத்தை மட்டும் நான் அடிக்கப் போவதில்லை.

நான் பார்த்துவிட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம். இருபத்தாறு வருடத்தில் ஆதாரத்தோடு கையில் கிடைத்த செய்தியை நான் அமுக்குவது இதுதான் முதல் தடவை. கோப்பில் கடிதத்தை மட்டும் வையுங்கள். இந்தப் பின்குறிப்பைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. இப்போது யாரும் பிடித்து உட்கார வைப்பதில்லை. ஆனாலும் என் பைக் சத்தம் கேட்டால் குழந்தை தானாகவே பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறது. பழகிவிட்டது. நாளையிலிருந்து வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வரப் போகிறேன்.