கிளைமாக்ஸ் ஓட்டிய ஷேர் ஆட்டோ

சினிமாவில் இதுவரை செத்துப்போன கதாநாயகர்கள் எல்லோரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரே இடம், கூனிமேட்டுக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஓடுகிற ஒரு ஷேர் ஆட்டோதான். அதை ஓட்டுகிறவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய மனைவிக்கும் ரேஷன் கடைக்கும் தெரிந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் அவர் கிளைமாக்ஸ்.

போன வருஷம் வரை நான் மரக்காணம் உப்பளத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் கிளார்க். உப்பள வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் உப்புப் பாத்தியில் மனிதன் நிற்க முடியாது. வேலையாட்கள் வரும்போது ஆபீசும் திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் கொள்கை. அந்தக் கொள்கையை வகுத்துவிட்டு அவர் எட்டு மணி வரை தூங்குவார். நான் மட்டும் இருட்டோடு எழுந்து, பல் தேய்த்தேனா இல்லையா என்கிற சந்தேகத்தோடு கூனிமேடு பஸ் ஸ்டாப்பில் நிற்பேன்.

ஆட்டோ வரும். பின்னால் உப்பு வாரப் போகிற பெண்கள். உப்பை இழுத்துச் சேர்க்கிற அவர்களுடைய நீளக் கைப்பிடிப் பலகைகள் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் உப்பளத்து வாசலில் இட்லிக் கடை போடுகிற மும்தாஜ் அக்காவும், அவருடைய குண்டான்களும். கடைசியில் தொங்கிக்கொண்டு மூட்டை ஏற்றுகிற லூர்து. எனக்கு டிரைவர் பக்கத்தில் அரை சீட். அதாவது, கிளைமாக்ஸின் வாய்க்கும் என் வலது காதுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

அந்த ஒரு சாணில்தான் அவர் படங்களைப் பழுது பார்த்தார்.

அவருக்குச் சோகமான முடிவு ஆகாது. எந்தப் படம் பார்த்தாலும் கதையை அப்படியே சொல்வார், ஒரு வசனம் மாறாது. கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் சொந்தத் தயாரிப்பு.

“ஹார்பர்ல சுட்டுட்டானுங்க சார். எல்லாரும் செத்துட்டான்னு நினைச்சிகினாங்க. குண்டு தோள்லதான் பட்டுது. பாண்டி ஆஸ்பத்திரியில சேத்து தையல் போட்டு அனுப்பிட்டாங்க.”

“படத்துலயே வந்துதா?”

“டைரக்டர் எடுக்கல சார். ஆனா நடந்துது.”

இன்னொரு படத்தில் கதாநாயகி அழுதுகொண்டே ரயிலேறிப் போய்விடுவாள். கிளைமாக்ஸ் விடவில்லை. “எங்க சார் போயிடும் ரயிலு? திண்டிவனத்துல சிக்னல் போடணும் இல்ல?” சிக்னல் போடவில்லை. ரயில் நின்றது. கதாநாயகன் ஓடி வந்து பிடித்துவிட்டான்.

ஒருநாள் லூர்து பின்னாலிருந்து கத்தினார். “டேய், நான் அந்தப் படத்த பாத்தேன்டா! அவன் செத்துட்டான். மாலைலாம் போட்டாங்க!”

“நீ எப்ப எழுந்து வந்த?”

“பேரு ஓட ஆரம்பிச்சதும் வந்துட்டேன்.”

“அதான். பேருக்கு அப்புறம்தான் எழுந்திரிக்கிறான்.”

லூர்துவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. உப்பு வாரும் பெண் ஒருத்தி, கிளைமாக்ஸ் சொன்ன ஒரு படத்தைப் பிறகு மகனுடைய போனில் பார்த்து அழுது தீர்த்துவிட்டு, “போன்ல வர்றதெல்லாம் டூப்ளிகேட்டு, கடைசில மாத்திட்டானுங்க” என்று முடிவு கட்டினாள். அந்த அளவுக்கு அவருக்கு நம்பகத்தன்மை.

நான் ஒருமுறை கேட்டேன், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று. “அழுவுறதுக்கு எதுக்கு சார் சினிமா? அதுக்குத்தான் வீடு இருக்குதே” என்றார்.

இதெல்லாம் அந்தக் காதல் படம் வரும் வரைதான்.

சித்திரையில் ஒரு மழை பெய்தது. ஊரில் எல்லோருக்கும் கோடை மழை குளிர்ச்சி. உப்பளத்துக்கு மட்டும் அது எழவு. விளைந்து நின்ற உப்பு பாத்தியிலேயே கரைந்துபோனது. மறுபடி தண்ணீர் கட்டி, காய்ந்து, விளையும் வரை யாருக்கும் வேலை கிடையாது. பெண்கள் வேலை இல்லாத களைப்பில் இருந்தார்கள். வேலை செய்த களைப்பை விட அது மோசம்.

கிளைமாக்ஸ்தான் யோசனை சொன்னார். “எல்லாரும் வாங்க, திண்டிவனம் போலாம். புது லவ் படம். சூப்பரா இருக்குதாம்.” ஆட்டோ நிறையப் போனோம். அவருடைய மனைவி அஞ்சலையும் வந்தார். அஞ்சலைக்கும் எங்கள் உப்பளத்தில்தான் வேலை; காலையில் பின் சீட்டில் வருகிற பெண்களில் அவரும் ஒருவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணவர் பேசிவிடுவார்.

படம் இதுதான். காதலன் கப்பல் வேலைக்குப் போகிறான். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்கிறான். போனவனிடமிருந்து தகவலே இல்லை. அவள் காத்திருக்கிறாள், அவமானப்படுகிறாள், அழுகிறாள், பிறகு அழுவதை நிறுத்துகிறாள். பல வருஷம் கழித்து அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறந்து பார்க்கிறாள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கிறாள். அவன் குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு கதவை மூடிவிடுகிறாள். திரை இருட்டு. படம் முடிந்தது.

தியேட்டரில் பாதிப் பேர் கை தட்டினார்கள். பாதிப் பேர் ஸ்க்ரீனைப் பார்த்துத் திட்டினார்கள். என் முன் வரிசையில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி தனித்தனி வாசல் வழியாக வெளியே போனதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது லூர்து ஆரம்பித்தார். “ஒரு ஆம்பள அத்தன கஷ்டப்பட்டு வந்து நிக்கிறான். மூஞ்சில அடிச்ச மாதிரி மூடுறா. நாயமா இது?”

“வாரே வா!” என்றார் மும்தாஜ் அக்கா. “அவன் கஷ்டப்பட்டானா? கப்பல்ல போன் இல்லயா? ஒரு போன் பண்ண முடியாதவனுக்குத் தண்ணி குடுத்ததே ஜாஸ்தி.”

“சிக்னல் இருந்திருக்காதுக்கா.”

“அத்தினி வருஷமாவா?”

கிளைமாக்ஸ் சிரித்துக்கொண்டே ஓட்டினார். பழுது பார்க்கும் வேலையை மனசுக்குள் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்போது அஞ்சலை வெளியே பார்த்தபடி சொன்னார்: “சரியாத்தான் பண்ணா.”

மரக்காணம் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஆட்டோ நேராகப் போய்விட்டது. ரொம்ப தூரம் போன பிறகுதான் அவரே கவனித்தார்.

பாத்தி காய்ந்து, மறுபடி உப்பு பூத்து, வேலை தொடங்கிய பிறகும் அந்தக் கதவு எங்களை விடவில்லை. ஆட்டோவில் இடப்பக்க சீட் அவளுடைய கட்சி, வலப்பக்க சீட் அவனுடைய கட்சி என்று ஆனது. மும்தாஜ் அக்கா தன் கட்சிக்காரர்களுக்குக் கெட்டிச் சட்னியும், எதிர்க்கட்சிக்குத் தண்ணீர்ச் சட்னியும் ஊற்றினார். லூர்து ஒரு வாரம் கொள்கையோடு தாங்கினார். பிறகு, “ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்குதுன்னு வெச்சுக்கலாம்க்கா, கெட்டியா ஊத்து” என்று சரணடைந்தார்.

எல்லோரும் என்னைக் கேட்டார்கள். “சார், நீங்க சொல்லுங்க, யாரு பக்கம் நாயம்?” அந்த இருட்டில், அந்தத் தூக்கத்தில், பிறக்கவே பிறக்காத இரண்டு பேருடைய காதலுக்கு நான் தீர்ப்பு சொல்ல வேண்டும். “யோசிச்சுகிட்டு இருக்கேன்” என்பேன். அதுவே இரண்டு மாதம் ஓடியது.

கிளைமாக்ஸ் மட்டும் விடாமல் உழைத்தார். படம் பார்க்காத யாராவது ஏறினால் போதும், முழுக் கதையையும் சொல்லி, “கதவ மூடினா. ஒரு நிமிசம்தான். அப்புறம் தொறந்துச்சு” என்று முடிப்பார்.

பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வரும். “தொறக்கல.”

“தொறந்துச்சு.”

“தொறக்கல.”

தினமும் இதுதான். பஜனை மாதிரி. ஏறுகிறவர்கள், இது எந்தப் படம், எந்த வீடு என்று புரியாமல் விழித்தார்கள். நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

பிறகு ஒரு காலையில் அஞ்சலை “தொறக்கல” என்று சொன்னதும், கிளைமாக்ஸ் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் கதையே சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் “வாங்க சார்” கூட இல்லை. ஆட்டோ வெறும் இன்ஜின் சத்தத்தோடு போனது. நான் ஆசைப்பட்ட அமைதி.

“யா அல்லா, இவன் பேசுறதே தேவல போல” என்று மும்தாஜ் அக்கா முணுமுணுத்தார்.

லூர்துதான் டீக்கடையில் எனக்கு விஷயத்தைச் சொன்னார். “உங்களுக்குத் தெரியாதா சார்? அவன் கல்யாணம் ஆன புதுசுல மலேசியா போனான். ஓட்டல் வேல. ஏஜெண்ட்டு ஏமாத்தி பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிகினான். வெக்கத்துல ஊட்டுக்குத் தகவலே சொல்லல. செத்துப் போயிட்டான்னே நினைச்சோம். அஞ்சல ஒண்டியா உப்பு வாரிப் பொழச்சா. நாலு வருசம் கழிச்சு ஒரு நாள் வந்து கதவு முன்னாடி நின்னான்.”

“அப்புறம்?”

“தொறந்தா சார். அதான் இப்ப ஆட்டோ ஓட்டுறான்.”

நாங்கள் சட்னிக்குக் கட்சி கட்டிக்கொண்டிருந்தோம். அந்த மனிதர், தன் மனைவி கதவைத் திறந்தது தவறு என்று நினைக்கிறாளோ என்கிற பயத்தோடு தினமும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வாரமே எனக்குப் பல் வலி. கன்னம் பன் மாதிரி வீங்கி, வாய் திறக்க முடியாமல் லீவு சொல்லிவிட்டுப் பகலில் அந்த ஆட்டோவில் திரும்பினேன். பின்னால் அஞ்சலையும் மும்தாஜ் அக்காவும் மட்டும். உப்பளத்தைத் தாண்டும் முன்பே டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு, மேலே வெயில். நிழல் என்றால் ஆட்டோவின் நிழல்தான். அதில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

கிளைமாக்ஸ் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினார். திரும்பிப் பார்க்காமல், நட்டைப் பார்த்துக் கேட்டார்:

“நீ ஏன் அன்னைக்குத் தொறந்த?”

யாரைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் நகரலாம் என்று பார்த்தேன். நகர்ந்தால் வெயில். மும்தாஜ் அக்கா நகரும் உத்தேசத்திலேயே இல்லை.

“மழ” என்றார் அஞ்சலை.

“என்னாது?”

“மழ பேஞ்சுது. நனைஞ்சிகினு நின்ன. நாயா இருந்தாலும் தொறந்திருப்பேன்.”

மும்தாஜ் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவர் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் திருகினார். நட்டு ஏற்கெனவே கழன்றிருந்தது. “மழ விட்டுடுச்சே. அப்புறம் ஏன் வெளிய போன்னு சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ படுத்துத் தூங்கிட்ட. காலைல சொல்லலாம்னு எழுந்து பாத்தா, நாலு குடம் தண்ணி புடிச்சி வெச்சிருந்த. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் புடிச்சி வெச்ச.” அஞ்சலை முகத்தைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. “இப்பவும் உம்மேல எரிச்சல் வரும்போதெல்லாம் சொல்லணும்னு நினைப்பேன். நீ தண்ணியோட வந்து நிப்ப.”

கிளைமாக்ஸ் திரும்பினார். முகமெல்லாம் வேர்வை. வேர்வை மட்டும்தானா என்று அந்த வெயிலில் சொல்ல முடியவில்லை. “அப்ப அந்தப் பொண்ணு பண்ணது சரின்னியே?”

“சரிதான். அவ மூடுனதும் சரி, நான் தொறந்ததும் சரி. உனக்கு எதுக்குய்யா வலிக்குது? சக்கரத்த மாட்டு. சாருக்குக் கன்னம் வெடிச்சிடும் போல.”

அவர் சக்கரத்தை மாட்டினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நல்லவேளை, என்னால் வாயைத் திறக்கவும் முடிந்திருக்காது.

பல்லைப் பிடுங்கிவிட்டு மறுபடி நான் வேலைக்குப் போன காலையில், எக்கியார்குப்பத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற ஒரு பெரியவர் ஏறினார். படம் பார்க்காதவர். கிளைமாக்ஸ் தொண்டையைக் கனைத்தார். ஆட்டோ முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. கப்பல், சத்தியம், காத்திருப்பு, சொம்புத் தண்ணீர், எல்லாம் வந்தது.

“கதவ மூடிட்டா” என்றார் கிளைமாக்ஸ்.

“அப்புறம்?”

“அவ்ளோதான். படம் முடிஞ்சுது.”

“என்னாப்பா இது, பொசுக்குனு சொல்லிட்ட?” என்று பெரியவர் மனம் உடைந்து போனார். லூர்து தொங்கிக்கொண்டே உச்சுக் கொட்டினார். அந்த வண்டியில் ஒரு படம் எடுத்தபடியே முடிந்தது அதுதான் முதல் தடவை. எங்களால் தாங்க முடியவில்லை.

கிளைமாக்ஸாலும் முடியவில்லை. உப்பளம் வரும் நேரத்தில் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி, பெரியவர் பக்கம் சாய்ந்து சொன்னார்:

“ஆனா தாப்பா போட்ட சத்தம் கேக்கல. நான் நல்லா கவனிச்சேன்.”

எல்லோரும் பின் சீட்டைப் பார்த்தோம். அஞ்சலை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது எனக்கு வானூரில் வேறு வேலை. ஒன்பது மணிக்குப் போனால் போதும், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கிறது. யாரும் என் காதுக்குள் எந்தக் கதையும் சொல்வதில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது. ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை.